வினிகரும் கூச்சமும்

அன்புள்ள அக்கா,

திண்டுக்கல் மாவட்டத்தில் டாக்டர் சங்கரநாராயணன் குழு செய்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன், 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாயில் வினிகரைத் தடவிக் கண்ணால் பார்ப்பதெல்லாம் அறிவியலா? ஏழைகளுக்கு இது போதும் என்று ஒப்பேற்றுவதுதானே? டாக்டருக்கு எந்த ஊர்? தங்கைக்குத் தடுப்பூசி போடலாமா? அம்மாவுக்கு 47 வயது, இதற்கெல்லாம் வரமாட்டார், ரொம்பக் கூச்சம்.

க., ஓசூர்

அன்புள்ள க.,

எந்த ஊர் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள், கட்அவுட் வைக்கவா? தடுப்பூசியை டாக்டரிடம் கேளுங்கள், இந்த வாரமே கேளுங்கள்.

வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம்தான் அது. தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்துச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் என்றால் ஸ்லைடு வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும். அந்த இரண்டாவது பஸ்ஸை நம் பெண்கள் பலர் ஏறுவதே இல்லை. இங்கே பயிற்சி பெற்ற நர்ஸ் பார்க்கிறார், தேவைப்பட்டால் அன்றைக்கே அந்த இடத்தை உறையவைத்துச் சிகிச்சையும் செய்துவிடுகிறார். அறிவியல் எங்கே என்றால், 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணியதில் இருக்கிறது. பரிசோதனைக்கு அழைத்த பாதியில் இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. அதே மனிதர் 2009-ல், மகாராஷ்டிராவில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். அதில், இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. டெஸ்ட், ஒரே ஒரு தடவை செய்தது, சாவைப் பாதியாகக் குறைத்தது, வினிகர் குறிப்பிடும்படி எதையும் சாதிக்கவில்லை. தன் சரக்கு தோற்றதைத் தானே எழுதி வெளியிட எத்தனை பேருக்கு மனசு வரும்?

சரி, அது கிடக்கட்டும். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, வரமாட்டார், ரொம்பக் கூச்சம் என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

திண்டுக்கல் ஆய்வில் அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343. கழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 18,000 பேர் வரவில்லை. களையெடுப்பு இருந்திருக்கும், மாமியார் முறைத்திருப்பார், எனக்கு ஒன்றும் இல்லையே என்று தோன்றியிருக்கும். ஆனால் எனக்கு அத்தனை பேருக்கும் ஒரே முகம்தான், பெரியம்மாவின் முகம்.

ஒட்டன்சத்திரம் பக்கம், 1995. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆனவள், கிழித்த பழஞ்சேலைத் துணியை விடியுமுன்னே தொட்டியடியில் அலசி, வெயிலில் போடாமல் மாட்டுக் கொட்டகையில் விறகு அடுக்குக்குப் பின்னால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். "சூடுடி, வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றாள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தவளையை அறுத்து ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லத் தெரிந்தவளுக்குப் பெரியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து அந்தத் திண்டுக்கல் ஆய்வு தொடங்கியது 2000-ல். அவள் இருந்திருந்தால் மட்டும் போயிருப்பாளா என்று கேட்காதீர்கள். நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேனா என்பதே எனக்குச் சந்தேகம்.

அம்மாவுக்குக் கூச்சம் என்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். முன்பின் தெரியாத எனக்கு வினிகரைப் பற்றி இவ்வளவு எழுத முடிகிறது, பெற்றவளிடம் இதை எடுக்க நாக்கு எழவில்லை, பழியை மட்டும் அவர் தலையில் போடுகிறீர்கள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கிறார்கள். (மாதவிலக்குக்கு நடுவிலோ, நின்ற பிறகோ ரத்தம் பட்டால் மட்டும் முகாமுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.) உங்களுக்கு வாய் வராவிட்டால் தங்கையை விட்டுப் பேசச் சொல்லுங்கள் தம்பி, அந்தப் பிள்ளைக்கு உங்களைவிடத் தைரியம் இருக்கும்.

வினிகரைப் பற்றி அடுத்த கடிதம் அப்புறம். முதலில் அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். திட்டினார் என்றாலும் எழுதுங்கள்.