"அம்மாவிடம் சொல்லலாமா, டாக்டர்?"

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 57. மூன்று மாதமாகச் சோர்வு, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் கட்டி என்றார்கள். போன மாதம் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் 'ஜிஸ்ட்' என்ற அரிய வகைக் கட்டி, 7 செ.மீ., திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், மூன்று வருஷம் இமாட்டினிப் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று வந்திருக்கிறது. அம்மாவிடம் "வயித்துல புண்ணு, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டாள் என்கிறார் மாமா. சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா? கருவாடு நிறையச் சாப்பிட்டதால் வந்ததா? எனக்கும் வருமா? இரவில் தூக்கமே இல்லை.

பதில்: சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்கள் மாமா பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பல வருஷங்களுக்கு முன் இதே ஏற்பாட்டோடு ஒரு பாட்டி என்னிடம் வந்தார். நாலாவது மாதம் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கிறது. "சத்து மாத்திரைக்கு எதுக்கு இவ்வளவு அவஸ்தை" என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மாத்திரையை முறத்தில் இருந்த அரிசிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். வீட்டார் கண்டுபிடித்தபோது கட்டி மறுபடி வந்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாத மாத்திரையை யார்தான் மூன்று வருஷம் சாப்பிடுவார்கள்?

அதோடு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். வயிற்றில் அத்தனை நீளத் தையல், அறைக்கு வெளியே நீங்கள் கிசுகிசுவென்று பேசுவது, திடீரென்று வந்து பழம் கொடுத்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள். இதற்குள் அவர் பாதியை ஊகித்திருப்பார். மீதிப் பாதியை உண்மையைவிடப் பயங்கரமாகவே கற்பனை செய்துகொண்டிருப்பார்.

அதனால் முதலில் நீங்கள் தெளிவாகிக்கொள்ளுங்கள். இரைப்பையும் குடலும் சுருங்கி விரியத் தாளம் கொடுக்கும் செல்கள் உண்டு. ஜிஸ்ட் என்பது அவற்றோடு தொடர்புள்ள ஒரு புற்றுநோய் வகைக் கட்டி. இந்தக் கட்டி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, கட்டியின் செல்களில் 'கிட்' என்ற மரபணு, அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். 1998-இல் ஜப்பானில் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை, வழக்கமான கீமோ இதற்கு வேலை செய்யாததால், ஆபரேஷனை விட்டால் கதியில்லை. 2000-இல் பின்லாந்தில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக இமாட்டினிப் கொடுத்தார்கள். அந்தச் சுவிட்சை அமுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் சாப்பிட்டவர்களையும் மூன்று வருஷம் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு 2012-இல் ஆய்வு வந்தது. மூன்று வருஷக்காரர்களுக்குக் கட்டி திரும்புவது குறைந்தது, ஆயுளும் கூடியது. உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

'அரிய' என்ற சொல்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் வருஷத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு இது வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் இந்த மாவட்டத்திலேயே வருஷத்துக்கு இருபத்தைந்து பேராவது இருக்கலாம். தெருவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், சரி. ஆனால் புற்றுநோய் டாக்டருக்கு இது பழகிய நோய்.

கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கு உப்பிட்ட உணவைப் பற்றிப் பேசுவார்கள், அது வேறு நோய். ஜிஸ்டுக்குக் காரணம் என்று எந்தச் சாப்பாட்டையும் காட்ட முடியாது. தொற்றவும் தொற்றாது. மிக அபூர்வமாகச் சில குடும்பங்களில் மட்டும் பரம்பரையாக வரும். உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இப்படிக் கட்டி இல்லையென்றால், நீங்கள் பயந்துகொண்டு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

இப்போது உங்கள் கையால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் நடந்த இடத்தில், கட்டியைச் சீவி வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடுகளையும், கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அதை வைத்துத்தான் மரபணுப் பரிசோதனை செய்ய முடியும். கிட் மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதைப் பொறுத்து மாத்திரையின் அளவை யோசிக்க வேண்டியிருக்கும். வேறொரு மரபணுவில் வரும் ஒரு வகை மாற்றத்துக்கு இமாட்டினிப் பலனே தராது. மூன்று வருஷம் சாப்பிடப் போகிற மாத்திரை, தெரிந்துகொண்டு ஆரம்பிப்பதுதான் நல்லது. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் புற்றுநோய் மையம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, செல்கள் பிரியும் எண்ணிக்கை, ஆபரேஷனின்போது கட்டி உடைந்ததா என்பது, இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒரு காலத்தில் இந்த மாத்திரையின் அசல் பிராண்டு மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னதால், இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், போகிற மருத்துவமனையில் அது செல்லுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். காலையில் கண் வீங்கும், கெண்டைக்கால் பிடிக்கும், சிலருக்கு வயிறு போகும். இதையெல்லாம் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடி கொட்டி மொட்டையாகிவிடுவோமோ என்ற பயம் இருந்தால், சாதாரணக் கீமோ மாதிரி இது அப்படிச் செய்யாது என்றும் சொல்லுங்கள். பிரஷர், தைராய்டு மாத்திரை எடுக்கிறாரென்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். நாட்டு மருந்தை டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டாம். பம்பளிமாஸ் வகைப் பழங்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். மறுபடி கறுப்பாக மலம் போனாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே கிளம்புங்கள்.

சரி, எப்படிச் சொல்வது? மாமாவும் அத்தையும் சூழ்ந்து நிற்க வேண்டாம். மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு, நீங்களும் அவரும் மட்டும் இருக்கும்போது உட்காருங்கள். "அம்மா, உனக்கு என்ன ஆச்சுன்னு நீ நினைக்கிற?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை பொறுங்கள். அப்புறம், "புண்ணு இல்லம்மா, கட்டி. புத்துநோய் வகைதான். முழுசா எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்க மாத்திரை இருக்கு, மூணு வருஷம் சாப்பிடணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். எல்லா எண்ணிக்கையையும் அன்றே கொட்ட வேண்டாம். அவர் அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். "இனிமே எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லணுமா, இல்ல நானே பாத்துக்கணுமா?" என்றும் கேளுங்கள். நீயே பார்த்துக்கொள் என்று அவரே சொன்னால், அது வேறு விஷயம். அதை மதியுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் முதல் கேள்வியை அம்மா கேட்கட்டும்.