மழை இல்லாமலே கூடாரம் உள்ளே நனைகிறதா?

கூடாரம் ஒழுகவில்லை, புதிது வாங்க வேண்டாம். மழையே பெய்யாத இரவில், மலையில் ஒரு நீர்த்தேக்கக் கரையில், தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளிக் கூடாரம் போட்டு, குளிருக்குப் பயந்து ஜிப் எல்லாவற்றையும் மூடிப் படுத்ததாகச் சொல்கிறீர்கள். காலையில் உள்சுவரில் வழிந்தது, குளிர்ந்த துணியில் பட்டு நீரான உங்கள் மூச்சுதான். ஒருவர் தூங்கும்போது மூச்சும் தோலும் வெளிவிடும் ஈரம் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு வரும். இரண்டு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடமும் ஒரு காரணம். மலையில் இரவானால் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீர்த்தேக்கக் கரைதான் அந்தப் பள்ளம். அங்கே காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது, துணியும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கரையைவிட்டுக் கொஞ்சம் மேலே, மரநிழலில் போடுங்கள். மேல் ஜன்னலும் கீழே ஒரு பக்கமும் திறந்தே இருக்கட்டும். குளிருக்கு இன்னொரு போர்வை போதும்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் சோதித்துப் பாருங்கள்: ஆள் இல்லாத கூடாரத்தின் மேல் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடியுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் துணியில் குறையில்லை. தையலோரம் மட்டும் நனைந்தால் அங்கே ஸீலர் (தையல் துளைகளை அடைக்கும் பசை) பூசினால் சரி.

அப்புறம், மேலே பட்டுப்போன கிளை இல்லாத மரமாகப் பாருங்கள். ஈரத்தைக் காயவைக்க அடுப்பை மட்டும் தயவுசெய்து உள்ளே கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.