மலாயாவிலிருந்து பணம் வருவது குறைந்தது ஏன்?

1962 வாக்கில் பணம் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, 'சங்கத்தில் பங்கு கட்டுகிறேன்' என்று கடிதம் எழுதிய உங்கள் சின்னத் தாத்தா குடும்பத்தை ஏமாற்றினாரா என்று கேட்கிறீர்கள். சங்கம் பொய்யில்லை. அவர் சொன்ன தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம் எங்களுடையது. மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்றாலே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், கலக்கம்தான். வேலை போனால் வீடும் போகும். குடியுரிமை இல்லாதவர்களுக்குப் போக்கிடமே இல்லை. 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்தச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். சங்கம் முதலில் வாங்கியது எங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம்.

உங்களிடம் இருப்பவை இங்கிருந்து போன கடிதங்கள். என்னிடம் இருப்பவை ஊரிலிருந்து வந்தவை. நாமக்கல் பக்கமிருந்து என் தாத்தாவின் அண்ணன் எழுதிய நீல நிற விமானக் கடிதம் ஒன்றில், நலம் விசாரித்த கையோடு, 'இங்கே கூரை மாற்ற வழியில்லை, உனக்கு அங்கே மரம் வாங்கப் பணம் இருக்கிறதோ?' என்று கேட்டிருக்கிறார். பேனா மை தீர்ந்து, கடைசி இரண்டு வரிகள் பென்சிலில். தாத்தா அதைப் பங்குப் பத்திரத்துடன் சேர்த்தே மடித்து வைத்திருந்தார்.

சங்கம் வந்ததும் பாலும் தேனும் ஓடியது என்று நான் சொல்லவில்லை. பங்கு கட்டியவரும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கத்தான் வேண்டும். நிர்வாகத்தைக் குறை சொல்பவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ திரும்ப முடியாத ஒருவர், பிள்ளைகளுடன் தெருவில் நிற்கக் கூடாது என்று கட்டிய பணத்தை ஏமாற்று என்று பேசுவது அநியாயம்.

இன்னொன்று. கடிதங்களை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். கண்காட்சிக்கு என்று எங்களிடம் வாங்கிப் போனவர் தபால்தலைகளைக் கத்தரித்துக்கொண்டுதான் திருப்பித் தந்தார். பின்புறம் ஓடிய எழுத்தும் அதோடு போயிற்று. பெரியம்மாவுக்குப் பெயர் வைக்கச் சொல்லி ஊரிலிருந்து எழுதிய வரி இப்போது பாதிதான் இருக்கிறது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உங்கள் கடிதக் கட்டுக்குள் பங்குப் பத்திரமோ ரசீதோ இருந்தால், இங்கே அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்து அவர்களுக்குத் தெரிவியுங்கள். சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது.