மகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர மறுக்கிறாள்: என்ன செய்வது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மாதவிடாய் நாட்களில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது. எப்போதும் சோர்ந்தே இருக்கிறாள். சுகாதார நிலையம் பக்கத்துத் தெருவில்தான் உள்ளது. ஆனாலும் வர மறுக்கிறாள். (ஒரு தாய், பென்னாகரம் வட்டம்)

பதில்: அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் தொலைவும் பேருந்து நேரமும்தான் பிள்ளைகளைத் தடுக்கின்றன. உங்கள் மகளுக்கோ சுகாதார நிலையம் பக்கத்தில் இருப்பதே தடையாக இருக்கலாம். சீட்டுப் பதியும் இடத்தில் "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்கும்போது, பின்னால் வரிசையில் நிற்பவர் உறவுக்காரராகவோ தெருக்காரராகவோ இருப்பார், விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவள் அஞ்சக்கூடும். வளரிளம் பருவத்தினர் மருத்துவ உதவியைத் தவிர்ப்பதற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம். இதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம்.

சீட்டுப் பதியும்போது "மருத்துவரிடம் சொல்கிறோம்" என்று மட்டும் சொன்னால் போதும். உள்ளூரில் காட்டக் கூச்சமென்றால், பள்ளி இல்லாத ஒரு நாளில் பென்னாகரம் அல்லது தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக 2014-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் நடத்தப்படுகின்றன. அருகில் எங்கே, எந்த நாளில் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு அறியலாம். பெண் மருத்துவர் வேண்டுமென்று அவள் விரும்பினால் அதையும் தயங்காமல் கேளுங்கள். மருத்துவர் பேசத் தொடங்கியதும் சிறிது நேரம் வெளியே இருங்கள். தாய் முன்னால் சொல்லக் கூசுவதை அப்போது அவள் சொல்லக்கூடும்.

ஹீமோகுளோபின் பரிசோதனை கட்டாயம் தேவை. இந்த வயதுப் பெண்ணுக்கு அது ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை, இரத்தசோகை வராமல் காப்பதற்கானது. வந்துவிட்டால் அது மட்டும் போதாது. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பல பிள்ளைகள் அதை இரகசியமாக எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுப்பதால் தீங்கில்லை. உணவுக்குப் பின் விழுங்கினால் புரட்டலும் குறையும்.

உதிரப்போக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஈறிலும் மூக்கிலும் அடிக்கடி இரத்தம் வந்தாலோ, இரத்தம் உறைவதில் குறை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கமோ மூச்சிரைப்போ வந்தாலோ அவள் மனம் மாறும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.