இசைக் கேள்வி பதில்: ஒரே உரு ஆறு நிமிடம் சுற்றினால்...

அமெரிக்கப் பாடகி டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டில், பேஸ் (அடியில் ஓடும் தாழ்சுருதிப் பகுதி) தொடக்கத்தில் வாசிப்பதையேதான் கடைசிவரை வாசிக்கிறது. "சிடி மாட்டிக்கிச்சாப்பா?" என்று கேட்கிறான் என் மகன். எனக்கோ திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது. யார் பக்கம் நியாயம்?
– திண்டுக்கல் வாசகர்

மகன் சொல்வதும் தப்பில்லை. அந்த பேஸ் உருவை (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரக்கோவையை) மட்டும் தனியே ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் யாருக்கும் கொட்டாவி வரும். ஆனால் பாட்டில் அது தனியாக இல்லை. மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லோட்டும் தயாரித்து 1977இல் வெளிவந்த பாட்டு இது. மூக் மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் சீக்வென்சர் (சுரங்களைத் தானாக வாசிக்கும் பகுதி) ஒரு சின்ன உருவைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வடிவம் மாறாது, சுருதி மட்டும் மேலே ஏறி, இறங்கி, பழைய இடத்துக்கே திரும்பும். அதன்மேல் டோனா சம்மர் அவசரமே இல்லாமல் தலைக்குரலில் நீட்டிப் பாடுகிறார். ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான்.

தம்புரா ஒரே மாதிரி ஒலிக்கிறதே என்று யாராவது குறைப்படுகிறோமா? அது அசையாமல் நிற்பதால்தான் பாடகரின் சிறு அசைவும் காதில் படுகிறது. இங்கே தம்புராவுக்குக் கால் முளைத்து ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இயர்போனில் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது. மற்ற பக்கத்தில் மட்டும் கேட்டால் இந்தப் பாட்டின் தாளம் இடம் மாறியதுபோல் இருக்கிறது. மற்ற பாட்டுகள் சரியாகவே கேட்கின்றன. ஏன்?
– நாகர்கோவில் வாசகர்

பாட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பேஸின் ஒவ்வொரு சுரமும் இடது பக்கம் நேராகவும், வலது பக்கம் கொஞ்சம் தாமதித்தும் வருகிறது. இரண்டும் சேரும்போதுதான் அந்தப் படபடப்பு பிறக்கும். இடது மட்டும் என்றால் பாதி சுரம்தான் கிடைக்கும். வலது மட்டும் என்றால் எல்லாமே அடிக்குப் பின்னால் விழும். உங்களுக்கு மிச்சமிருப்பது வலது பக்கம் என்று நினைக்கிறேன். ஃபோன் அமைப்பில் 'மோனோ ஆடியோ' இருக்கும். அதைப் போட்டுவிட்டால் இரண்டும் கலந்து ஒரே காதில் வரும்.

இது டிஸ்கோவா, எலக்ட்ரானிக்கா?
– வேலூர் வாசகி

இரண்டும்தான். அடிக்கு ஒரு கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) விழுவது டிஸ்கோ. குரல், பாஸ்டன் தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். அக்கால டிஸ்கோவுக்கு அடையாளமான வயலின் கூட்டம், பித்தளைக் குழல்கள், பேஸ் கிடார் ஆகியவற்றின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஹை-ஹாட் எனும் ஜோடித் தட்டின் சத்தம்கூட வடிகட்டிய வெற்று இரைச்சல்தான். கிக் ஒன்றுக்கு மட்டும் மூக் சிந்தசைசரில் போதிய கனம் வரவில்லை. அதைக் கீத் ஃபோர்ஸி டிரம்மில் காலால் மிதித்தே வாசித்தார். நடனக் கூட்டத்தை இந்த இயந்திரப் பாட்டு விரட்டாமல் இழுத்ததற்கு அந்த மனிதக் காலும் ஒரு காரணம் என்பேன்.

கணினியில் இதே பாணியில் ஒரு டிராக் செய்தேன். வேகம் நிமிடத்துக்கு 128 அடி. உரு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அரை நிமிடத்தில் எனக்கே சலிக்கிறது. எங்கே பிழை?
– கோவை வாசகர்

உருவைத் திருத்த வேண்டாம். அதைச் சுற்றி எதுவுமே நகராததுதான் பிழையாக இருக்கும்.

முதலில் டிலே, அதாவது ஒலியின் நகலைத் தாமதித்து விடுவது. 128 வேகத்தில் ஓர் அடி 469 மில்லி விநாடி, அதில் கால் பங்கு 117. பேஸை அடிக்கு இரண்டு சுரம் மட்டும் எழுதி முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். நகலை 117 தாமதத்தில் வலது பக்கம் விடுங்கள். நகலில் ஃபீட்பேக் (நகலுக்கும் நகல் எடுப்பது) 0, வெட் (நகலின் பங்கு) 100 சதவீதம். தாமதத்தை 130 என்று வைத்தால் தாளம் நொண்டும். ஃபீட்பேக் ஏற்றினால் எல்லாம் கூழாகிவிடும். ஒவ்வொரு சுரமும் 100 மில்லி விநாடிக்குள் அடங்கட்டும். நீண்டால் மூலமும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மோனோவில் கேட்கும்போது சில சுரம் வீங்கும், சில சுரம் உள்ளீடற்றுப் போகும்.

அடுத்தது ஃபில்டர், அதாவது மேல் ஒலிகளை வடிகட்டுவது. பலரும் ஒரு பாருக்கு (நாலு அடிக்கு) ஒருமுறை திறந்து மூடும்படி எல்எஃப்ஓ (தானாக ஏறி இறங்கும் மெதுவான அலை) வைக்கிறார்கள். காது அதை இரண்டே சுற்றில் மனப்பாடம் செய்துவிடும். 300 ஹெர்ட்ஸிலிருந்து 900 வரை 16 பாரில், அதாவது சரியாக 30 விநாடியில், மெல்லத் திறந்து பாருங்கள். ஹை-ஹாட்டில் மூன்று பதினாறாம் சுரத்துக்கு (ஒவ்வொன்றும் கால் அடி) ஒருமுறை அழுத்தம் கொடுங்கள். அது மூன்று பார் கழித்துத்தான் முதலடியோடு மறுபடி சேரும். நாலின்மேல் மூன்று போடுவது மிருதங்கக்காரர்களுக்குப் பழகிய விளையாட்டுதான்.

பேஸின் சுருதி 4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) மேலும் கீழுமாக மிக மெதுவாக அலையட்டும். அன்றைய மூக் தானாகவே சுருதி விலகும். அதனால் இருபது முப்பது விநாடி பதிவு செய்வது, நிறுத்திச் சுருதி சேர்ப்பது, மறுபடி பதிவு செய்வது என்றே வேலை நடந்தது. அவர்களுக்குத் தொல்லையாக இருந்ததை நாம் வேண்டுமென்றே வரவழைக்க வேண்டியிருக்கிறது! கிக்கை 3 மில்லி விநாடி முன்பின்னாக நகர்த்தலாம், பேஸின் நேரத்தைத் தொடாதீர்கள். இரண்டும் ஆடினால் கேட்பவருக்குப் பிடிமானம் இருக்காது.

இவ்வளவு செய்தும் அலுத்தால், புதிதாக எதையும் சேர்க்காமல் 8 பாருக்கு ஒருமுறை எதையாவது எடுத்துவிடுங்கள். ஒரு பார் கிக் இல்லாமல் போய்த் திரும்பி வந்தாலே காது நிமிர்ந்து உட்காரும்.

இதே பாட்டுக்கு 15 நிமிட வடிவம் இருக்கிறதாமே? கேட்கலாமா?
– தஞ்சை வாசகர்

சான் ஃபிரான்சிஸ்கோவின் பாட்ரிக் கௌலி 1978இல் செய்த ரீமிக்ஸ் அது. நடன அரங்குக்கென்றே ஆனது, நடுவில் பல நிமிடம் சிந்தசைசர் கிறுக்கல்கள்தான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, ஆல்பத்தில் உள்ள ஏறக்குறைய 6 நிமிட வடிவம் போதும். 15 நிமிடத்தை நடைப்பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலை செய்கிற இயர்போனோடு.