மார்பகச் சீரமைப்புக்கு முன் எம்ஆர்ஐ படத்திலிருந்து கன அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும் மார்பகத்தின் எல்லையை வரைந்து, அந்தப் பரப்பைப் படங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். 120 சதுர செ.மீ. பரப்பு, 0.3 செ.மீ. இடைவெளி என்றால் அந்த ஒரு துண்டு மட்டும் 36 மி.லி.

கணக்கு எளிது, தகராறெல்லாம் எல்லையில்தான். பின்பக்கம் மார்புத் தசையின் முன்பரப்பில் நிறுத்தலாம். அக்குள் பக்கம் கொழுப்பு தொடர்ந்து போவதால் தெளிவான கோடே கிடையாது. அதனால் இரு மார்பகங்களையும் ஒரே ஆள், ஒரே விதிப்படி வரைய வேண்டும். தோலைச் சேர்த்தீர்களா என்பதையும் குறித்து வையுங்கள்.

எம்ஆர்ஐயில் குப்புறப் படுப்பதால் வடிவம் மாறும், கன அளவு அவ்வளவாக மாறாது. பெரிய மார்பகம் காயிலில் (மார்பகத்தைச் சுற்றி இருக்கும், சிக்னலை வாங்கும் எம்ஆர்ஐ கருவி) அழுந்திப் படத்துக்கு வெளியே போனால்தான் அளவு குறைந்து வரும். வயிற்றுத் திசுவை வைத்துச் சீரமைப்பதானால் ரத்தக்குழாய்களுக்காக எடுக்கும் சிடி ஸ்கேன், மார்பையும் உள்ளடக்கியிருந்தால் அதிலேயே அளந்துவிடலாம். முப்பரிமாண மேற்பரப்பு ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் பின்சுவர் அதற்குத் தெரியாது, ஊகம்தான். தொய்ந்த மார்பகத்தில் அதை நம்பக் கூடாது.