வீட்லயே படிக்க வைக்கறோம்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து கேள்வி பதில்

கேரளாவுல பாலக்காடு மாவட்டம், தமிழ்நாடு எல்லை ஓரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல எங்க வீடு. பொண்ணுக்கு 15, பையனுக்கு 9. பொண்ணு ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் ஸ்கூல் போனா, பையன் போகவே இல்ல. மாடு ரெண்டு, தென்னை கொஞ்சம், வீட்டுக்காரர் வெல்டிங் வேலை. நாலு வருஷமா யாராவது ஃபோன் பண்ணி கேட்டுட்டே இருக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒண்ணா உக்காந்து எழுதிடலாம்னு.

அக்கா, டைம்டேபிள் குடுங்களேன். காலைல 9ல இருந்து 3 வரைக்கும் போட்டு வெச்சேன், பையன் 10 மணிக்கே தோட்டத்துக்கு ஓடிடறான். (வண்ணாமடை, 7 வயசுப் பையனோட அம்மா)

ஓடாம என்ன பண்ணுவான் கண்ணு. நானும் மொத வருஷம் இதே கூத்துதான், செவுத்துல சார்ட்டு, பீரியட் மாறுனா அடிக்கறதுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வேற. மூணே மாசத்துல பொண்ணு என்னைப் பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்க ஆரம்பிச்சுட்டா. ஸ்கூல்ல ஆறு மணி நேரம்னா அதுல அட்டெண்டன்ஸ், வரிசைல நிக்கறது, நோட்டு திருத்தற வரைக்கும் காத்திருக்கறதுன்னு பாதி போயிடும், வீட்ல அது எதுவும் இல்லியே. ஏழு வயசுக்கு ஒண்ணரை மணி நேரம் உக்காந்து படிச்சா தாராளம், அதையும் ரெண்டா பிரிச்சுக்கங்க.

எங்க வீட்ல கணக்கு பால் சொசைட்டி சீட்டுல இருந்துதான் ஆரம்பிச்சுது. காலைப் பால் ஊத்திட்டு வந்ததும் பையன் சீட்டைப் பாத்து நோட்டுல எழுதணும், லிட்டர் எவ்வளவு, ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்சம் இருக்கற சத்து) எவ்வளவு, ரேட் என்ன. 6.4 லிட்டர், லிட்டருக்கு 43 ரூபா 50 காசுன்னா 278 ரூபா 40 காசு, இதை மனசுல போட முடியாம முதல்ல 6 லிட்டருக்கு, அப்புறம் அரை லிட்டருக்கு, அப்புறம் அதுல கொஞ்சம் கழிச்சுன்னு அவனே ஒரு வழி கண்டுபுடிச்சான், நான் சொல்லித்தரவே இல்ல. மழை ஆரம்பிச்சதும் ஃபேட் எறங்குது, ஏம்மான்னு கேட்டான். எளம் புல்லுல நாரு கம்மி, நாரு கம்மியானா பால்ல கொழுப்பும் கொறையும்னு கால்நடை டாக்டர் சொன்னாரு. அன்னில இருந்து வைக்கோல் போடறது அவன் டிப்பார்ட்மெண்ட்டு, நாலு நாள் கழிச்சு 0.2 ஏறுனப்ப அவன் ஆடுன ஆட்டம் இருக்கே!

அதே மாதிரி ஆழியாத்துத் தண்ணி. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நம்ம சித்தூர் பக்கத்துக்கு விடணும், 1970ல கையெழுத்து போட்டது. ஒரு டிஎம்சின்னா எவ்வளவும்மான்னான். 100 கோடி கன அடி, கிட்டத்தட்ட 2,830 கோடி லிட்டர்னேன். மாடில இருக்கற ஆயிரம் லிட்டர் டேங்கைக் காட்டி இதுல எத்தனைன்னு கேட்டான். போடுடான்னு விட்டுட்டேன், ரெண்டு நாள் சைபரா எழுதிட்டே கெடந்தான், 2 கோடியே 83 லட்சம் டேங்குன்னு வந்து நின்னான்.

இது சட்டப்படி தப்பு இல்லையாங்க? போலீஸ் வருமா? (கோவிந்தாபுரம்)

போலீஸ் எதுக்குங்க வருது. 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கற கல்வி உரிமைச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கானது. அதுல 10வது பிரிவு, பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது. அதை மறைச்சுட்டு ஒரு பிரச்சனையும் இல்லன்னு சொல்ற ஆளுங்களை நம்பாதீங்க. ஆனா சேக்காதவங்களுக்கு இன்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல இல்ல, வீட்லயே படிக்க வைக்கறதைப் பத்தி அதுல ஒரு வரியும் இல்ல. எங்க வீட்டுக்கு வார்டு மெம்பரும் அங்கன்வாடி டீச்சரும் வந்து கேட்டிருக்காங்க. தேதி போட்ட நோட்டுங்களை எடுத்து வெச்சேன், டீ குடிச்சுட்டு பையனை ரெண்டு கேள்வி கேட்டுட்டு போனாங்க. அதனால தேதி போட்டு வெச்சுக்கங்க, எது செஞ்சாலும்.

பத்தாவது பரீட்சை எப்படி? (மீனாட்சிபுரம்)

என்ஐஓஎஸ், தேசிய திறந்த நிலைப் பள்ளி. 14 வயசு முடிஞ்சிருக்கணும். அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், அதுல ஒண்ணாவது மொழிப்பாடம், பாஸ் மார்க் 33 சதவீதம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷம் செல்லும், அதுக்குள்ள ஒவ்வொரு பாடமா கூட முடிக்கலாம். டிஎம்ஏன்னு வீட்ல எழுதி குடுக்கற அசைன்மெண்ட்டை அசால்ட்டா விட்றாதீங்க, அதுக்கும் மார்க் இருக்கு, என் பொண்ணு கடைசி நாள்ல அப்லோடு பண்ண ஒக்காந்து நெட்டு போய், ராத்திரி 11 மணிக்கு பைக்ல பக்கத்து ஊர் மாமா வீட்டுக்கு ஓடுனோம். பேர் மட்டும் ஆதார்லயும் பர்த் சர்டிஃபிகேட்லயும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாருங்க. தமிழ் இனிஷியலை மலையாளத்துல ஒரு மாதிரி, இங்கிலீஷ்ல ஒரு மாதிரி எழுதி வெச்சிருப்பாங்க, நம்ம பக்கத்துல பாதிப் பேருக்கு இந்த வில்லங்கம் உண்டு.

நாங்க தமிழ் வீடு, ஆனா இருக்கறது கேரளாவுல. மலையாளம் சொல்லித்தரணுமா, தமிழ் போதுமா? (சித்தூர்)

ரெண்டும் வேணும்ங்க, மலையாளத்தை விட்டா பிள்ளை சொந்த ஊர்லயே விருந்தாளி ஆயிடும். பேச்சு தானா வரும், எழுத்துதான் வேலை. நான் தனியா பாடம் எடுக்கல, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் உக்காந்து பஸ் போர்டு படிக்கறதுதான் மொத வகுப்பு. ஊர் பேரு ஏற்கனவே தெரியுமே, பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடுன்னு எழுத்தை அதோட பொருத்திப் பொருத்தி ரெண்டு மாசத்துல படிச்சுட்டான். ழ ரெண்டு பக்கமும் இருக்கறதால ஆலப்புழ போர்டுதான் அவனுக்குப் புடிச்சது. தடுமாறுன எடம் க தான், நமக்கு ஒரு க, அவங்களுக்கு நாலு. அதை அவசரப்படுத்தாதீங்க, வாய்ல வந்ததுக்கு அப்புறம் எழுதட்டும்.

சொல்லு மாறுற எடத்தை விளையாட்டாவே எடுத்துக்கலாம். பையனுக்கு சளி புடிச்சு ஹெல்த் சென்டர் போனப்ப நர்ஸ் 'பனியுண்டோ மோனே'ன்னு கேட்டாங்க, இவன் ஜன்னலைப் பாத்துட்டு 'இல்லக்கா, நல்லா வெயில் அடிக்குது'ன்னான். அங்க இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. காய்ச்சலைத்தான் அவங்க பனிம்பாங்கன்னு இனி சாகற வரைக்கும் மறக்க மாட்டான். வெள்ளம்னா தண்ணி, பட்டின்னா நாய், இப்படி ஒரு நோட்டு போட்டிருக்கோம், இதுவரைக்கும் 112 சொல்லு சேந்திருக்கு.

மாமியாரும் சொந்தக்காரங்களும் 'புள்ளைய கெடுக்கறே'ங்கறாங்க, எப்படி சமாளிச்சீங்க?

சமாளிக்கல, திட்டு வாங்குனேன். அப்புறம் ஆத்தாகிட்டயே (என் மாமியார்தான்) ஒரு பாடத்தைக் குடுத்துட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள் பொண்ணு அவங்க சொல்றதை எழுதணும். பஞ்ச காலத்துல என்ன சாப்பிட்டாங்க, வேலந்தாவளம் சந்தைக்கு மாட்டை எப்படி நடத்திட்டுப் போனாங்கன்னு. சித்தூர் அந்தக் காலத்துல கொச்சி ராஜாவோடது, பாலக்காடு மெட்ராஸ் மாகாணம்னு புக்குல படிச்சுட்டு பொண்ணு போய் கேட்டா, ஆத்தா 'ஆமா, எங்கப்பன் சொல்லும்'னு ஒரு மணி நேரம் பேசுனாங்க. இப்ப யாராவது வந்து கொறை சொன்னா எனக்கு முந்தி ஆத்தாதான் சண்டைக்குப் போறாங்க.

ஃபோன் எவ்வளவு நேரம் குடுப்பீங்க?

ஹால்ல, சத்தம் வெச்சு, முக்கால் மணி நேரம். ரூமுக்குள்ள கெடையாது. அவ்வளவுதான்.

ஸ்கூல் போகலன்னா ஊசி, மாத்திரை எல்லாம் எப்படி? (எருத்தேம்பதி)

நல்ல கேள்வி, இதை யாருமே கேக்கறதில்ல, நானே ஒரு தடவை விட்டுட்டேன். ஸ்கூல்ல தானா கெடைக்கறதை நாமதான் ஞாபகம் வெச்சு வாங்கணும். 5 வயசுல டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூணுக்கும்), 10லயும் 16லயும் டிடி ஊசி (டெட்டனஸ், தொண்டை அடைப்பானுக்கு), எல்லாம் ஹெல்த் சென்டர்ல இலவசம். குடற்புழு நீக்க நாள்னு அறிவிக்கற அன்னிக்கு ஸ்கூல் போகாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடில அல்பெண்டசோல் மாத்திரை குடுப்பாங்க. ஆஷா அக்கா (ஊருக்குள்ள வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர்) நம்பரை வாங்கி வெச்சுக்கங்க.

நான் வீட்ல தையல் வேலை பாக்கறேன், மாசம் எட்டாயிரம் வரும். அவர் 'நீ வீட்லதானே இருக்கே, பிள்ளைய நீயே படிக்க வை'ங்கறார். ஆரம்பிக்கலாமா அக்கா?

வேண்டாம் தங்கச்சி. கோவிச்சுக்காதீங்க. வீட்லதானே இருக்கேன்னு சொல்ற வீட்ல இது ஓடாது. ஒண்ணரை மணி நேரப் பாடம்னு மேல சொன்னேன், ஆனா பெரியவங்க ஒருத்தரோட நாளே அதுல போகுது, கேள்வி பிள்ளைங்க நேரத்துக்கு வரும், ப்ளவுஸ் பாதில இருக்கும். எங்க வீட்ல சாயங்காலம் 6க்கு மேல நான் கை வைக்கறதில்ல, சமையல்ல இருந்து பையனை தூங்க வைக்கற வரைக்கும் வீட்டுக்காரர்தான், அதை ஒரு வருஷம் அவர் பண்ணிக் காட்டுனதுக்கு அப்புறம்தான் பொண்ணை ஸ்கூல்ல இருந்து நிறுத்தினோம். உங்களவரை ஒரு மாசம் சாயங்காலம் மட்டும் பாக்கச் சொல்லுங்க. முடியலன்னா பக்கத்துல இருக்கற தமிழ் மீடியம் கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துடுங்க, உங்க எட்டாயிரத்தை விட்டுக் குடுக்காதீங்க.

ஆரம்பிச்சு சரிப்படலன்னா திரும்ப ஸ்கூல்ல சேப்பாங்களா? உங்க பொண்ணு அடுத்து என்ன பண்றா?

14 வயசு வரைக்கும் கவலையே இல்ல. நான் சொன்ன சட்டத்துலயே 4வது பிரிவு, வயசுக்கு ஏத்த கிளாஸ்ல சேக்கணும்ங்குது. ஒம்பது வயசுப் பிள்ளைய ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைன்னு யாராவது சொன்னா அதை எடுத்துக் காட்டுங்க.

பொண்ணு ஏப்ரல்ல பத்தாவது எழுதிட்டா. ப்ளஸ் ஒன்னுக்கு ஸ்கூல் போறேன்னு அவளே கேட்டா, எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, ஆனா வேண்டாங்கறதுக்கு ஒரு காரணமும் கெடைக்கல. ஏகஜாலகத்துல (கேரளாவுல ப்ளஸ் ஒன் சேக்கறதுக்கான ஆன்லைன் முறை) அப்ளிகேஷன் போடணும், ரிசல்ட்டுக்கு காத்திருக்கோம். மணி அடிச்சா எந்திரிச்சு நிக்கணுமாம்மான்னு நேத்து கேட்டா. அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் இருக்கு, எடுத்து அடிச்சுக் காட்டுனேன்.